மரத்தைக் காணோம், நிழல் மட்டும் விழுகிறது

1874-ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஓர் ஓவியக் கண்காட்சியைப் பற்றி எழுதிய கஸ்தன்யாரி என்ற விமர்சகர், அங்கிருந்த ஒரு நிலக்காட்சி ஓவியத்தின் மேல் விசித்திரமான ஒரு குறையைச் சொன்னார். வயலின் மீது மரங்களின் நிழல் விழுகிறது. ஆனால் அந்த மரங்கள் படத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே எங்கோ நிற்கின்றன. மரம் இருக்கிறது என்று பார்ப்பவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இது பெரிய பிழை என்பது அவருடைய வாதம்.

கஸ்தன்யாரி அந்தக் கண்காட்சியின் எதிரி அல்லர். அதைக் கேலி செய்தவர்களோடு ஒப்பிட்டால் பரிவோடு எழுதியவர் என்றே சொல்ல வேண்டும். அவருக்கே இந்த நிழல் பொறுக்கவில்லை என்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

அந்த ஓவியத்தை வரைந்தவர் கமீல் பிஸ்ஸாரோ. வரைந்த ஆண்டு 1873. பிரெஞ்சில் அதன் பெயர் ‘ஜெலே பிளான்ஷ்’, அதாவது உறைபனி. அகலம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பாரிஸிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் பொந்துவாஸ் என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து என்னெரி கிராமத்துக்குப் போகும் பழைய சாலைப் பக்கத்து வயல்தான் அதில் இருக்கும் இடம்.

இம்பிரெஷனிசம் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது மோனேயின் சூரிய உதயமும் அல்லிக் குளமும்தான். நாட்காட்டியிலும் குடையிலும் தேநீர்க் கோப்பையிலும் அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். அந்த இயக்கத்துக்கே பெயர் வாங்கித் தந்த மோனேயின் சூரிய உதயம் தொங்கிய அதே கண்காட்சியில்தான் பிஸ்ஸாரோவின் உறைபனியும் தொங்கியது. இதை யாரும் கோப்பையில் அச்சடித்து நான் பார்த்ததில்லை. அச்சடித்தாலும் விற்காது என்று நினைக்கிறேன். முதல் பார்வைக்கு அது வெறும் உழுத வயல்.

வானொலியில் வேலை பார்க்கும் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தைப் பார்த்தாலும், இதை ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து பார்வை இல்லாத ஒரு நேயருக்கு எப்படிச் சொல்வது என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். ‘அழகான இயற்கைக் காட்சி’ என்று சொன்னால் அந்த நேயருக்கு எதுவும் கிடைக்காது. ஆகவே உறைபனியைச் சொல்லிப் பார்க்கிறேன்.

மேலே கொஞ்சம் வானம். வெளிர் நீலம், பளிச்சென்ற நீலம் இல்லை. தொடுவானம் உயரத்தில் இருப்பதால் படத்தின் பெரும்பகுதி மண். வயல் ஏற்றமாக மேலே போகிறது. அதில் உழவுச் சால்கள் ஓடுகின்றன. ஒரு பாதை இருக்கிறது. அதில் ஒரு முதியவர், முதுகில் விறகுக் கட்டுடன் நடக்கிறார். படத்தில் இருக்கும் ஒரே மனிதர் அவர்தான். பெரிய உருவமும் இல்லை. வயலையும் பாதையையும் வெட்டிக்கொண்டு, குறுக்காக நீண்ட நிழல்கள் இடைவெளி விட்டு விழுந்திருக்கின்றன. அந்த நிழல்களில் கறுப்பு இல்லை. நீலமும் சாம்பலும் கலந்திருக்கின்றன. மண்ணில் காவியும் பச்சையும் தெரிகின்றன. எல்லாவற்றின் மேலும் ஒரு வெண்மை, மாவு சலித்தது போல.

உறைபனி என்றால் என்னவென்று நம் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சொல்வது கொஞ்சம் கடினம். ஐரோப்பியப் படங்களில் நாம் பார்க்கும் பனிப்பொழிவு வேறு. அது வானத்திலிருந்து விழுவது. உறைபனி விழுவதில்லை. மேகமோ காற்றோ இல்லாத குளிர் இரவில், காற்றிலுள்ள ஈரம் தரைமேலும் புல்மேலும் நேராகப் படிகமாய்ப் படிந்துவிடுகிறது. பழைய ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் வெள்ளையாகப் பிடித்திருக்குமே, அம்மா மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்துவிட்டுச் சுரண்டுவாரே, ஏறக்குறைய அதேதான். வெயில் ஏறினால் போய்விடும். நிழல் விழும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தங்கும்.

இதைத் தெரிந்துகொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால், அந்த நிழல்கள் அலங்காரமில்லை என்பது புரியும். நிழல் நீளமாக இருக்கிறது. அப்படியானால் சூரியன் தாழ இருக்கிறது. வெண்மை இன்னும் மிச்சமிருக்கிறது. அப்படியானால் இது காலை நேரம். வெயில் பட்டுக்கொண்டிருக்கிறது, அப்படியானால் இந்த வெண்மைக்கு ஆயுசு குறைவு. பிஸ்ஸாரோ வரைந்தது ஒரு வயலை என்று சொல்வதைவிட, இன்னும் சற்று நேரத்தில் இல்லாமல் போகப்போகும் ஒரு வயலை என்று சொல்வதுதான் சரி. கஸ்தன்யாரி குறையென்று சொன்ன நிழல்தான் படத்துக்குள் இருக்கும் கடிகாரம்.

ஊடகவியல் படிக்கும்போது சட்டகத்தைப் பற்றி ஒரு தனிப் பாடமே இருந்தது. காமிரா எதைக் காட்டுகிறது என்பதைப் போலவே எதை வெளியே விடுகிறது என்பதும் ஒரு முடிவு என்று சொல்லிக் கொடுத்தார்கள். திரைக்கு வெளியே கதவு திறக்கும் ஓசை கேட்டால், அந்தக் கதவைப் பார்வையாளரே கட்டிவிடுவார். வானொலியில் எல்லாமே சட்டகத்துக்கு வெளியேதான். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைப் போட்டால் போதும், ஒரு சமையலறை வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் இருந்துகொண்டு 1874-இன் அந்த விமர்சனத்தைப் படிக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் அவரை நாம் எளிதாக மட்டம் தட்டிவிடக் கூடாது. அவர் காலத்தில் நிலக்காட்சி என்றால் அதற்குள் எல்லாம் அடங்கியிருக்க வேண்டும். ஓரத்தில் ஒரு பெரிய மரம் சட்டம் போல நிற்கும், நடுவில் ஓர் ஆறு, தூரத்தில் மலை. நம் பழைய ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கும் திரைச்சீலை மாதிரி. அந்த முழுமைக்குப் பழகிய கண்ணுக்கு, வெட்டி எடுத்த துண்டு போன்ற ஒரு வயல் உறுத்தத்தான் செய்யும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கண்காட்சி நடந்த இடமே ஒரு புகைப்படக்காரரின் பழைய ஸ்டூடியோ. பெயர் நாடார். பெயரைப் பார்த்து நம்மவர் என்று எண்ணிவிட வேண்டாம், பாரிஸில் கொடிகட்டிப் பறந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் அவர்.

அங்கே இன்னொரு விமர்சகரும் வந்தார். லூயி லெருவா. ‘லெ ஷாரிவாரி’ என்ற நையாண்டிப் பத்திரிகையில் 1874 ஏப்ரல் 25-ஆம் தேதி அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ‘இம்பிரெஷனிஸ்ட்’ என்ற பெயர் பரவியது. அதில் பழைய மரபில் ஊறிய ஒரு கற்பனை ஓவியர் கண்காட்சியைச் சுற்றி வருகிறார். பிஸ்ஸாரோவின் வயலுக்கு முன் வந்ததும், மூக்குக்கண்ணாடி அழுக்காகிவிட்டது என்று நினைத்துக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். மறுபடியும் அதே வயல். இதுவா உழவுச் சால், இதுவா உறைபனி, வண்ணத்தட்டில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி அழுக்குத் துணியில் அப்பியிருக்கிறார்கள் என்று பொருமுகிறார்.

கேலிதான். ஆனாலும் லெருவாவின் கண் பொய் சொல்லவில்லை என்பது என் கருத்து. படத்தின் நெருக்கமான பதிவைக் கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள், உண்மையிலேயே சுரண்டி அப்பியது போலத்தான் இருக்கும். வண்ணம் சொரசொரப்பாக, திட்டுத் திட்டாக, ஒன்றின் மேல் ஒன்று. நெருக்கத்தில் உறைபனியே கிடையாது. படத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வாருங்கள், ஓர் அளவில் சட்டென்று குளிரடிக்கும். வெள்ளையைத் தனியாகப் பூசியிருந்தால் அது போர்வை போர்த்தியது போல ஆகியிருக்கும். வெண்மைக்கு இடையில் மண் தெரிவதால்தான் அது மெல்லிய பனி என்று நம் கண் நம்புகிறது. லெருவா பார்த்தது சரி, நின்ற தூரம்தான் தப்பு.

இந்தக் குளிரை வரைந்தவர் குளிர்நாட்டில் பிறந்தவர் அல்லர் என்பது எனக்கு வெகு காலம் தெரியாது. பிஸ்ஸாரோ 1830-இல் பிறந்தது கரீபியன் கடலில் உள்ள செயின்ட் தாமஸ் தீவில். அப்போது அது டென்மார்க்கின் கையில் இருந்தது. தென்னையும் துறைமுகமும் கொளுத்தும் வெயிலும் கொண்ட ஊர். யூத வணிகக் குடும்பம். 12 வயதில் பாரிஸ் பக்கத்து விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், 17 வயதில் திரும்பி வந்து அப்பாவின் வியாபாரத்துக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்குப் பார்த்தார். 1852-இல் ஃப்ரிட்ஸ் மெல்பி என்ற டேனிஷ் ஓவியருடன் வெனிசுவேலாவுக்குப் போய்விட்டார். 1855-இல் பாரிஸ். பிறகு பிறந்த தீவுக்குத் திரும்பவேயில்லை.

சிறு வயதில் உறைபனியையே பார்க்காதவர்தான் அதை இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க முடியும் என்று சொல்ல எனக்கு ஆசை. வெப்ப நாட்டுக்காரியான எனக்கு அந்த வாதம் பெருமையாகவும் இருக்கும். ஆனால் பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்த மோனேயும் பனியை அற்புதமாக வரைந்திருக்கிறார். ஆகவே அதை அதிகம் இழுக்க வேண்டாம். வேறொன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பிஸ்ஸாரோ பாரிஸ் வந்த மறு ஆண்டு, 1856-இல், பிறந்த தீவை நினைவிலிருந்து வரைந்த ஓர் ஓவியம் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. கடலோரப் பாதையில் இரண்டு கறுப்பினப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். தலையில் கூடை. அந்தத் தீவில் அடிமை முறை ஒழிந்து அப்போது எட்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. அது ஒழிந்த 1848-இல் பிஸ்ஸாரோ அங்கே 18 வயது இளைஞர். பாதை, பாதையில் சுமையோடு ஒருவர் என்பது பிஸ்ஸாரோவின் கையில் பனி விழுவதற்கு முன்பே இருந்த காட்சி.

அந்த விறகுக் கட்டுக்கு வருகிறேன். ஓவியத்தைப் பற்றிப் படித்தபோது நிழலைப் பற்றியும் வண்ணத்தைப் பற்றியும்தான் அதிகம் படித்தேன். கட்டு கண்ணில் பட்டது, மனத்தில் தங்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டவர் என் பாட்டி. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். தலைப்பு, ஆண்டு எதுவும் சொல்லாமல் டேப்லட்டில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

“வெறகு பொறுக்கிட்டு வராரு. பனி பட்ட வெறகு, கனக்கும் கண்ணு,” என்றார்.

“மரத்தைக் காணோமே பாட்டி, நிழல் மட்டும்தானே இருக்கு?”

“மரம் இந்தப் பக்கம் நிக்குது. நட்டு வச்ச மரம். தானா மொளச்சிருந்தா நெரையா விழுமா? காலைல சீவப் போறப்ப எங்க சாலையிலயும் இப்படித்தான் கட்டம் கட்டமா விழும்.”

பிரான்சில் சாலையோரம் வரிசையாக மரம் நடுவது பழைய வழக்கம். படத்தில் இருப்பதும் பழைய சாலைப் பக்கத்து வயல். கஸ்தன்யாரிக்குச் சிக்கலாக இருந்த அந்த மரங்களைப் பாட்டி ஒரு நொடியில் நட்டுவிட்டார். நிரை பிடித்து மரம் சீவியவருக்கு நிழலின் இடைவெளி ஓர் அளவுகோல்.

பாட்டி சொன்ன கனத்தோடு பார்த்தால் படத்தின் குளிரே மாறுகிறது. அதுவரை குளிர் வெண்மையில் மட்டும் இருந்தது. இப்போது விறகிலும் இருக்கிறது. குளிர்காலத்தில் விறகு என்பது வீட்டின் சூடு. காலையிலேயே ஒருவர் அதைச் சுமந்து போகிறார் என்றால், எங்கோ ஓர் அடுப்பு அணைந்திருக்கிறது, அல்லது அணையப்போகிறது. அந்த அடுப்பும் சட்டத்துக்கு வெளியேதான்.

இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். பிஸ்ஸாரோ பின்னாளில் அரசின்மைக் கொள்கையில் நாட்டம் கொண்டவர். 1889-இல் நகர வாழ்க்கையின் கொடுமைகளைக் காட்டும் ஒரு சித்திரத் தொகுப்பையும் வரைந்தார். இதைத் தெரிந்துகொண்டு, 1873-இன் விறகுக்காரரை உழைக்கும் வர்க்கத்தின் சின்னமாக ஆக்குவது சுலபம். படம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. முதியவர் நம்மைப் பார்த்து எதையும் கேட்கவில்லை. அவர்மேல் தனி வெளிச்சமும் விழவில்லை. மண்ணுக்குக் கிடைத்த அதே தூரிகை வீச்சுதான் அவருக்கும். அவருடைய இரக்கத்துக்குரிய நிலையைப் பார் என்று பிஸ்ஸாரோ நம் தோளைத் தட்டவில்லை. அவரை விட்டுவிட்டு வயலை மட்டும் வரையவும் இல்லை. வயலுக்கு அவர் எவ்வளவு சொந்தமோ அவ்வளவு இடம். எனக்கு அதுவே போதுமான மரியாதையாகப் படுகிறது.

இதைவிடப் பெரிய வலை ஒன்றும் இருக்கிறது. நானே அதில் விழும் ஆசையோடு நின்றேன்.

பிஸ்ஸாரோ குடும்பத்தின் அந்த ஆண்டுகளைப் படித்தால் நெஞ்சு கனக்கும். 1870-இல் பிரஷ்யப் போர் வந்தபோது லண்டனுக்கு ஓடினார்கள். லூவ்சியென் ஊரில் விட்டுவந்த வீட்டைப் படையினர் பிடித்துக்கொண்டார்கள். இருபது ஆண்டு உழைப்பில் ஏறக்குறைய 1,500 படைப்புகள் அங்கே இருந்தன என்றும், தப்பியவை 40 அளவுதான் என்றும் சொல்வார்கள். சேற்றில் கால் படாமல் நடப்பதற்கு ஓவியத் துணிகளைத் தோட்டத்தில் விரித்தார்களாம். 1872-இல் பொந்துவாஸுக்குக் குடிவந்து மறுபடியும் தொடங்கினார். பிறகு 1874 ஏப்ரல் 6-ஆம் தேதி மகள் ழான்-ரஷேல் இறந்துபோனாள். வீட்டில் மினெத் என்று கூப்பிடுவார்கள். வயது எட்டு. தாய் ஜூலி அப்போது கருவுற்றிருந்தார். ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 15-ஆம் தேதி, கண்காட்சி திறந்தது.

இதைப் படித்துவிட்டு உறைபனியைப் பார்த்தால் என்ன தோன்றும்? வெளியே இருந்து வந்து வயலின் மேல் விழும் நிழல். காணாத மரம். காய்ந்த விறகு. எல்லாம் பொருந்திவிடும். அரைமணி நேர நிகழ்ச்சிக்குப் பின்னணி இசையோடு அருமையான முடிவுரை கிடைத்துவிடும்.

ஆனால் ஓவியத்தின் தேதி 1873. மகள் இறந்தது அடுத்த ஆண்டு வசந்தத்தில். அந்த வயலோரம் நின்று வண்ணம் கலக்கிய காலையில் மினெத் உயிரோடு இருந்தாள். அந்த நிழல் அவளுடையதாக இருக்க முடியாது.

ஓர் ஓவியத்துக்குப் பொருள் சொல்வதில் கற்பனைக்கு இடம் உண்டு. நிழலைப் பார்த்து மரத்தை நடலாம், விறகைப் பார்த்து அடுப்பை மூட்டலாம். அதற்கெல்லாம் படத்துக்குள் ஒரு நூல் இருக்கிறது, இழுத்தால் வருகிறது. மகளின் சாவுக்கு அப்படி ஒரு நூல் படத்துக்குள் இல்லை. அதை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து கட்டுகிறோம். ஓவியருக்காக நாம் அழுவதில் தப்பில்லை. அவர் வரையாத அழுகையை அவர் துணியில் பூசக் கூடாது. கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளை ஒலிபரப்பும் எங்களைப் போன்றவர்கள் இதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிக்கொள்ளலாம்.

துக்கம் எங்கே இருந்திருக்கலாம் என்று கேட்டால், படத்தில் இல்லை, சுவரில் என்பேன். மகளை அடக்கம் செய்த மாதத்திலேயே தன் படத்தை ஊர் பார்க்கத் தொங்கவிட்டு, மூக்குக்கண்ணாடி அழுக்கா என்று பத்திரிகையில் சிரிக்கும்போது அந்த மனிதர் எப்படி இருந்திருப்பார்? அப்போது அவருக்கு வயது 43.

கண்காட்சி ஒரு மாதம் நடந்தது. நுழைவுக்கட்டணம் ஒரு பிராங்க். ஓவியர்கள் தாங்களே கூட்டு நிறுவனம் அமைத்து நடத்திய முயற்சி அது. அந்த நிறுவனத்தை உருவாக்குவதில் பிஸ்ஸாரோவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது, உறுப்பினர் ஒவ்வொருவரும் 184 பிராங்க் 50 சென்டிம் கட்ட வேண்டும் என்று வந்தது. நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்கள். பிறகு 1886 வரை இதே குழு மேலும் ஏழு கண்காட்சிகள் நடத்தியது. மோனேயும் ரெனுவாரும் சிலவற்றுக்கு வரவில்லை, செசான் இரண்டோடு நிறுத்திக்கொண்டார். எட்டிலும் படம் வைத்தவர் பிஸ்ஸாரோ ஒருவர்தான்.

உறைபனி இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அந்தப் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் கவனிக்க: திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். போக முடியாதவர்கள் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் பார்க்கலாம். கைப்பேசி வேண்டாம், பெரிய திரை நல்லது. முதலில் கிட்டப் போய் லெருவாவின் சுரண்டலைப் பாருங்கள். பிறகு நாலடி பின்னால் வாருங்கள். வீட்டில் தோட்ட வேலை பார்த்த பெரியவர்கள் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படத்தின் பெயரைச் சொல்லாதீர்கள்.